முதல் வாக்குப் போட்ட தொகுதி இப்போது இல்லையா? அதன் கதையைத் தேடி எடுக்கும் வழி

கடந்த பனிக்காலத்தில் அலுமாரி ஒதுக்கும்போது, கடவுச்சீட்டுகளும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளும் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் ரின்னின் அடியில் ஒரு பழைய வாக்காளர் அட்டை கிடந்தது. 2003 ஒக்ரோபர் 2, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல். என் பெயர், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் எங்கள் மால்வேர்ண் வீட்டு முகவரி, தொகுதியின் பெயர்: ஸ்காபரோ–ரூஜ் றிவர்.

என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் வாக்கு அதுதான். ஊரில் இருந்தபோது வாக்களிக்கும் வயது வந்தும் ஒரு தேர்தலிலும் வாக்குப் போடக் கிடைக்கவில்லை. 37 வயதில், ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில், கூடைப்பந்துக் கோடு கீறிய தரையில் வரிசையில் நின்று போட்டேன். மேசையில் இருந்த பெண் பட்டியலில் அடிமட்டத்தை வைத்து என் பெயரின் மேலே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். என் பெயர் ஒரு நாட்டின் பட்டியலில் இருந்தது, நான் வந்துவிட்டேன் என்று அதை வெட்டினார்கள். அந்தக் கோடு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மகளிடம் அட்டையைக் காட்டினேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இப்படி ஒரு தொகுதியே இல்லையே" என்றாள். சரிதான். 1999இல் தொடங்கிய அந்த மாகாணத் தொகுதி 2018 யூன் 7 தேர்தலோடு இல்லாமல் போய்விட்டது. அன்றைக்குத் தொடங்கிய தேடல் ஐந்து மாதம் போனது. பாதிக் காலம் தவறான வழியில் போய்த் திரும்பியதால்தான் அவ்வளவு நாள். நீங்கள் உங்கள் பழைய தொகுதியைத் தேடுவதென்றால், அது ஒன்ராறியோவில் எங்கே இருந்தாலும், இரண்டு மூன்று வார இறுதிகளில் முடிக்கலாம். எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு முகவரியைப் பிடியுங்கள்

தொகுதியின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பெயர் மாறும், எல்லை நகரும், சில நேரம் செத்த பெயர் திரும்பவும் உயிரோடு வரும். வீடு நகராது. ஆகவே நீங்கள் குடியிருந்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அந்த நிலம் எந்தெந்த ஆண்டில் எந்தத் தொகுதிக்குள் இருந்தது என்று கேளுங்கள். ஒரு தாளில் மூன்று நிரல் கீறுங்கள்: ஆண்டு, தொகுதி, உறுப்பினர். வேறு ஒன்றும் வேண்டாம்.

என் வீடு மார்க்கம் வீதிக்குக் கிட்ட, பின்ச் வீதிக்குப் பக்கத்தில். 1867இல் கனடா கூட்டாட்சியாகி ஒன்ராறியோ 82 தொகுதிகளாகப் பிரிந்தபோது ஸ்காபரோ முழுவதும் வடக்கே இருக்கும் மார்க்கம் ஊரோடு சேர்ந்து கிழக்கு யோர்க் தொகுதிக்குள் இருந்தது. அப்போது இரண்டும் வெறும் கமத்து நிலம். 1963இலிருந்து ஸ்காபரோ நோர்த். 1999இல் ஸ்காபரோ–ரூஜ் றிவர். 2018இல் மறுபடியும் ஸ்காபரோ நோர்த்.

கடைசி வரியைக் கவனியுங்கள். பழைய ஸ்காபரோ நோர்த்தும் இன்றைய ஸ்காபரோ நோர்த்தும் ஒரே பெயர்தான், ஒரே தொகுதி அல்ல. இடையில் 19 ஆண்டு வேறு பெயர், எல்லையும் வேறு. பெயரை மட்டும் தட்டித் தேடினால் இரண்டும் ஒரே பட்டியலில் குழம்பி வரும். நான் வீட்டைப் பிடித்த பிறகுதான் இந்தக் குழப்பம் தெளிந்தது.

ஒரே பெயரில் மூன்று தொகுதி

இதில்தான் நான் ஒரு மாதத்தை விட்டேன். ஸ்காபரோ–ரூஜ் றிவர் என்ற பெயரில் ஒட்டாவாவுக்கும், அதாவது மத்திய பாராளுமன்றத்துக்கும், ஒரு தொகுதி இருந்தது, குயின்ஸ் பார்க்குக்கும், அதாவது மாகாணச் சட்டமன்றத்துக்கும், ஒரு தொகுதி இருந்தது. மத்திய தொகுதி 1988 தேர்தலிலிருந்து 2015 வரை. மாகாணத் தொகுதி 1999இலிருந்து 2018 வரை. போதாததற்கு, ரொறன்ரோ மாநகரசபை அந்தக் காலத்தில் ஒவ்வொரு தொகுதியையும் இரண்டாகப் பிளந்து வட்டாரம் ஆக்கியிருந்தது. ஆகவே 41ஆம், 42ஆம் வட்டாரங்களும் இதே பெயரைச் சுமந்தன.

நான் என் மாகாணத் தாளில் டெரிக் லீயின் பெயரை எழுதி வைத்திருந்தேன். அவர் 1988 முதல் 2011 வரை ஒட்டாவாவில் இருந்தவர். நம்மவர்கள் கதைக்கும்போதும் இது நடக்கிறது. ராதிகா சிற்சபைஈசன் 2011இல் வென்றது மத்திய தொகுதியில். கனடாப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் அவர். அந்த வெற்றியின் இரவு நினைவிருக்கிறவர்கள் பலர், "ரூஜ் றிவரில் தமிழ்ப் பிள்ளை வென்றதுதானே" என்று மாகாணக் கணக்கிலும் சேர்த்துவிடுகிறார்கள். மாகாணத் தொகுதியில் தமிழர் ஒருவரும் வென்றதில்லை. ஆகவே ஒரு பெயர் கிடைத்ததும், ஒட்டாவாவா, குயின்ஸ் பார்க்கா, மாநகரசபையா என்று கேட்டு, பக்கத்தில் ஓர் எழுத்துப் போட்டுவிடுங்கள். நான் ஒ, கு, மா என்று போட்டேன்.

எல்லையைப் பென்சிலால் கீறிப் பாருங்கள்

வரைபடத்தைத் திரையில் பார்ப்பது போதாது. எல்லையைச் சொல்லில் எழுதிய சட்ட வாசகம் ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். மாகாணத்தின் சட்டத்தில் அதைத் தேடி நான் களைத்துப் போனேன், ஏனென்றால் அது அங்கே இல்லை. காரணம் இதுதான். 1996இல் மாகாண முதல்வர் மைக் ஹரிஸின் அரசு உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. 130 இடங்கள் 103 ஆகின. புதிதாக எல்லை கீறாமல், மத்திய அரசு கீறிய எல்லைகளையே மாகாணமும் எடுத்துக்கொண்டது. 1999 யூன் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. ஸ்காபரோ–ரூஜ் றிவர் மாகாணத் தொகுதி பிறந்த கதை அவ்வளவுதான். யாரும் எங்கள் ஊரைப் பார்த்து யோசித்துச் செய்ததல்ல. செலவைக் குறைக்கப் போட்ட கணக்கில் வந்து விழுந்த தொகுதி.

ஆகவே 1999க்குப் பிந்திய மாகாண எல்லை வேண்டுமென்றால் மத்திய அரசின் ஆவணத்தில் தேடுங்கள். வட ஒன்ராறியோவுக்கு மட்டும் 2007இலிருந்து மாகாண எல்லை வேறு. கனடாப் பாராளுமன்ற நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் எல்லை வாசகத்தோடு பக்கம் இருக்கிறது. ஆண்டு மட்டும் பார்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் மாகாணம் இரண்டு மூன்று ஆண்டு பிந்தித்தான் பின்னால் வந்தது. மத்தியில் 1997இல் பயன்பட்ட எல்லை மாகாணத்தில் 1999க்கு வந்தது. 2004இன் எல்லை 2007க்கு. 2015இன் எல்லை 2018க்கு. 2015க்கும் 2018க்கும் இடையில் எங்கள் வீட்டுக்கு ஒட்டாவாவில் ஒரு தொகுதிப் பெயர், குயின்ஸ் பார்க்கில் இன்னொன்று. இது விளங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

வாசகம் கிடைத்ததும் ஒரு தெரு வரைபடத்தை அச்செடுத்து மேசையில் விரியுங்கள். "இந்த வீதி வழியே, அந்தச் சந்தி வரை, அங்கிருந்து கிழக்கே" என்று அது வழி சொல்லிக்கொண்டு போகும். ஒருவர் வாசிக்க, மற்றவர் பென்சிலால் கீற வேண்டும். என் வீட்டில் மகள் வாசித்தாள், நான் கீறினேன். வடக்கே ஸ்டீல்ஸ் வீதி, மேற்கே அஜின்கோர்ட் தொகுதி, தெற்கே பெரும்பகுதிக்கு 401 பெருந்தெரு, கிழக்கே நகரத்தின் விளிம்பு. நாளாந்தம் வேலைக்குப் போன பஸ் வழி எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளே இருந்தது. 2018இன் எல்லையை அதே தாளில் சிவப்பில் கீறினோம். சிவப்புக் கோடு மால்வேர்ணை நடுவால் வெட்டிக்கொண்டு போனது. எங்கள் வீடு ஸ்காபரோ நோர்த். கிழக்கே இருக்கிற அக்கா வீடு ஸ்காபரோ–ரூஜ் பார்க். நாங்கள் இரண்டு பேரும் இருபது நிமிடத்தில் நடந்து போய் வருகிறவர்கள். மகள் பென்சிலை வாங்கி, அக்கா வீட்டில் ஒரு புள்ளி வைத்தாள்.

இந்த வேலையை விடாமல் செய்யுங்கள். தொகுதி ஏன் இல்லாமல் போனது என்பதற்கு மறுமொழி அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் கிடக்கிறது. வட ஸ்காபரோவில் ஆட்கள் பெருகினார்கள், ஒன்ராறியோவின் இடங்கள் 2018க்கு 124 ஆகக் கூடின, பெரிய தொகுதியைத் துண்டாக்க வேண்டி வந்தது.

ஆட்களைத் தேடும்போது பட்டியலோடு நிற்காதீர்கள்

உறுப்பினர்களின் பட்டியல் ஐந்து நிமிட வேலை. ஒன்ராறியோ சட்டமன்றத்தின் தளத்தில் 1867 முதல் இருந்த எல்லாருக்கும் பக்கம் உண்டு. தேர்தல் முடிவுகள், மாகாணத் தேர்தலை நடத்தும் எலெக்சன்ஸ் ஒன்ராறியோவின் தளத்தில். தேடும்போது பெயரில் இடைக்கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சில இடங்களில் நீளக் கோடு, சில இடங்களில் சின்னக் கோடு. ஒன்றுக்கு வராதது மற்றதற்கு வரும்.

எங்கள் தொகுதிக்கு 19 ஆண்டில் மூன்றே பேர். 1999 முதல் 2005 வரை அல்வின் கேர்லிங். 2005 நவம்பர் 24 இடைத்தேர்தலிலிருந்து 2016 மார்ச் வரை பாஸ் பல்கிசூன். 2016 செப்ரெம்பர் 1 இடைத்தேர்தலிலிருந்து முடிவு வரை ரேமண்ட் சோ. ஒருவர் ஜமேக்காவிலிருந்து வந்தவர், ஒருவர் திரினிடாட், ஒருவர் கொரியா. வேறு நாட்டில் பிறந்த மூன்று பேர் அடுத்தடுத்து. இதைப் பட்டியலாக எழுதியபோது தெரியவில்லை. பிறந்த இடத்தைப் பக்கத்தில் எழுதிய பிறகுதான் தெரிந்தது. நீங்களும் பிறந்த இடம், முன்பு செய்த வேலை இரண்டையும் குறியுங்கள்.

அடுத்தது ஹன்சார்ட். சட்டமன்றத்தில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அதில் இருக்கும், வீட்டில் இருந்தே வாசிக்கலாம். உறுப்பினரின் பெயரோடு உங்கள் இடத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். நான் கேர்லிங் அவர்களின் பெயரைத் தேடிக்கொண்டு பின்னால் போக, 1995 டிசம்பர் 6ஆம் தேதிக்கு வந்து நின்றேன். அப்போது அவர் பழைய ஸ்காபரோ நோர்த்தின் உறுப்பினர். அரசு 26ஆம் இலக்கச் சட்டமூலம் என்று ஒரு பெரிய மூட்டையை மக்களிடம் கருத்துக் கேட்காமல் அவசரமாக நிறைவேற்றப் பார்க்கிறது. வாக்கெடுப்பில் பெயர் கூப்பிட, கேர்லிங் எழும்பவில்லை. வெளியே போகச் சொல்ல, போகவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவரது கதிரையைச் சுற்றி நின்று மறித்துக்கொண்டார்கள். அவரை அசைக்க முடியாமல் இரவு முழுக்கச் சபை அப்படியே கிடந்தது. கடைசியில் அரசு மக்கள் கருத்தைக் கேட்கும் அமர்வுகளுக்கு இணங்கியது.

2003இல் நான் முதல் வாக்குப் போட்ட தேர்தலில் வென்றவர் அவர்தான். அடுத்த மாதமே சபாநாயகராகத் தெரிவானார். ஒன்ராறியோவின் முதல் கறுப்பின அமைச்சராக 1985இல் வந்தவர், சபாநாயகர் கதிரையிலும் முதல் கறுப்பினத்தவர். வெளியே போகச் சொன்னபோது எழும்பாத மனிதர், அதே சபையில் மற்றவர்களை அமைதியாக இருக்கச் சொல்லும் இடத்துக்கு வந்தார். எனக்கு அன்று வாக்குச் சீட்டில் ஒரு பெயராக மட்டும் தெரிந்தவர். யார் என்று அறிந்துகொள்ள எனக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

உங்கள் தொகுதிக்கு முந்திய தொகுதியையும் ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள். நான் போகாமல் விட்டிருந்தால் இந்தத் தேடலில் எனக்கு மிகப் பெரிதாகக் கிடைத்ததைத் தவற விட்டிருப்பேன். பழைய ஸ்காபரோ நோர்த்தை 1963 முதல் 1985 வரை வைத்திருந்தவர் தோமஸ் வெல்ஸ். எங்கள் பகுதியில் அவரது பெயரில் ஓர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், யாரென்று கேட்டதில்லை. அவர் 1972 முதல் 1978 வரை மாகாணக் கல்வி அமைச்சர். 1977இல், அவரது காலத்தில், ஒன்ராறியோ பாரம்பரிய மொழித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. வீட்டில் பேசும் மொழியைப் பள்ளிச் சபைகள் வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் இலவசமாகக் கற்பிக்கலாம், மாகாணம் பணம் தரும்.

என் இரண்டு பிள்ளைகளும் அ, ஆ எழுதப் பழகியது அந்தச் சனிக்கிழமை வகுப்பில். பெயர் பிறகு மாறிவிட்டது, திட்டம் அதுதான். பனியில் அவர்களை இழுத்துக்கொண்டு போய், வகுப்பு முடியும் வரை நடைபாதையில் மற்ற அம்மாமாரோடு நின்றிருக்கிறேன். அந்தக் கதவைத் திறந்து வைத்த அமைச்சர், என் வீடு நிற்கும் நிலத்தின் பழைய உறுப்பினர். தமிழர் இங்கே பெருமளவில் வந்து இறங்குவதற்கு முன்பே அது நடந்திருக்கிறது. இதை வாசித்த இரவு அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவவும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இலக்கத்தை எப்படிப் பார்ப்பது

மொத்த வாக்கோடு நிற்க வேண்டாம். அண்மைக்காலத் தேர்தல்களுக்கு ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் தனித்தனி முடிவு கிடைக்கும். உங்கள் தெரு எந்தச் சாவடி என்பதை அந்தந்தத் தேர்தலின் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும், சாவடி இலக்கம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். ஒரு தேர்தலின் இலக்கத்தை அடுத்த தேர்தலோடு நேரே ஒப்பிடாதீர்கள்.

எங்கள் தொகுதியில் கட்டாயம் நின்று பார்க்க வேண்டியது 2016. பாடசாலை தொடங்குவதற்கு முந்திய வாரம், வியாழக்கிழமை, கோடை விடுமுறை முடிகிற நேரம். லிபரல் கட்சியில் பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சியில் நீதன் சண், பழமைவாதக் கட்சியில் மாநகரசபையில் நீண்ட காலம் இருந்த ரேமண்ட் சோ. சோ வென்றார். அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு தமிழரும் தனித்தனியே கால்வாசிக்கு மேல் எடுத்து இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு வந்தார்கள். 1985இலிருந்து லிபரல் கையில் இருந்த இடம் அன்று போனது.

இதை வைத்துத் "தமிழ் வாக்குப் பிரிந்ததால் தோற்றோம்" என்று எழுதிவிட ஆசை வரும். எனக்கும் வந்தது. எழுதாதீர்கள். முடிவுத் தாளில் வாக்காளரின் மொழி இல்லை. தமிழர் எல்லாரும் தமிழருக்குத்தான் போட்டார்கள் என்பதற்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை. தாளில் இருப்பதை எழுதுங்கள்: மூன்று பேர், மூன்று கணக்கு, ஒரு நாள்.

படமும் ஆட்களும்

ரொறன்ரோ நகர ஆவணக் காப்பகத்தில் 1947 முதல் 1992 வரை வானத்திலிருந்து எடுத்த நிலப் படங்கள் ஆண்டு வாரியாக இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் வீட்டுச் சந்தியைத் தேடி, பத்துப் பத்து ஆண்டாகப் பாருங்கள். மால்வேர்ணின் நிலத்தை 1950களில் அரசு வீடு கட்டவென்று வாங்கியது, ஆனால் வீடுகள் வந்தது 1970களில்தான். படத்தில் அந்தக் காத்திருப்பு அப்படியே தெரியும். என் வீடு நிற்கும் இடத்தில் உழுத கோடுகளும் ஒரு வரிசை மரமும். வெல்ஸ் முதல் தடவை வென்றபோது இங்கே வாக்குக் கேட்டுப் போகக் கதவுகளே அதிகம் இருந்திருக்காது.

நூலக அட்டை இருந்தால் ரொறன்ரோ ஸ்டாரின் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே தேடலாம். தேர்தலுக்கு முந்திய இரண்டு வாரத்தை மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் மூழ்கிப் போவீர்கள்.

ஆட்களிடம் கேட்கும்போது, யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். எங்கே போய்ப் போட்டீர்கள், யாரோடு போனீர்கள், அன்றைக்கு மழையா வெயிலா என்று கேளுங்கள். எதிர் வீட்டு மாமிக்கு 80 தாண்டிவிட்டது. வேட்பாளர் பெயர் ஒன்றும் நினைவில்லை. ஆனால் 1999இல் முதல் முதலாக வாக்குப் போடப் போனபோது சேலை உடுத்துக்கொண்டு போனதும், சீட்டை எத்தனையாக மடிப்பது என்று தெரியாமல் மறைப்புக்குள்ளே நின்றதும் வடிவாக நினைவிருந்தது. கோயிலுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டுப் போனாவாம். அதைச் சொல்லச் சொல்ல நான் அப்படியே எழுதினேன். சாவடி இருந்த பள்ளிக்கூடத்தின் பெயரை அவதான் தந்தா, எந்த ஆவணத்திலும் எனக்குக் கிடைக்காதது.

எல்லாம் சேர்ந்ததும் ஒரு தாளுக்குள் சுருக்குங்கள். முன்பக்கம் மூன்று நிரல், பின்பக்கம் இரண்டு நிறக் கோடு போட்ட வரைபடம். எந்த வரியை எங்கே பார்த்தீர்கள் என்று ஓரத்தில் சின்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு யாராவது கேட்டால் கை காட்டலாம். ஒரு பிரதியைப் பக்கத்து நூலகத்தில் கொடுத்து, உள்ளூர் வரலாற்றுக் கோப்பில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். என் பிரதியை அட்டையோடு சேர்த்து அதே ரின்னுக்குள் வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அக்கா தன்னுடைய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறா. அவவுடைய வீட்டுக்கும் ஒரு தாள் கீற வேண்டும்.